சிறிய ஒன்லைன் போக்கர் டோர்னமென்ட்களில் கடைசி இருவரில் ஒருவராக வந்து தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஹெட்ஸ்-அப் (இருவர் மட்டும் மிஞ்சிய) ஆட்டத்தை எப்படித் திருத்துவது?

உங்கள் கேள்வியில் ஒரு கையைச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டனில் (கடதாசி பகிர்பவரின் இடத்தில்) நீங்கள், கையிருப்பு 8 பிக் பிளைன்ட் (கடதாசி பார்க்குமுன் கட்டாயமாகக் கட்டும் இரண்டு தொகைகளில் பெரியது, கீழே வெறுமனே பிளைன்ட் என்பதும் இதுதான்), கிங்-6 வந்தது, "இன்னும் நல்ல கை வரட்டும்" என்று ஃபோல்ட் பண்ணி, கையை எறிந்துவிட்டீர்கள். அந்த "வரட்டும்" தான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். நானும் இரண்டு வருடம் அப்படியே ஆடி, இரண்டாம் இடங்களாகவே சேர்த்தவன்.

நான் கடதாசி பிடிக்கப் பழகியது 304 என்கிற ஆட்டத்தில். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் போயா லீவு என்றால் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் ஜாக்கோ ஒன்பதோ இல்லாமல் கேள்வியை (ஏலத்தை) கூட்டினால் ஏச்சு விழும். பொறுத்திருப்பதுதான் அங்கே கெட்டித்தனம். ஒன்பது பேர் இருக்கிற போக்கர் மேசையிலும் அந்தப் பழக்கம் ஓரளவு காப்பாற்றும். இரண்டு பேர் மிஞ்சிய பிறகு அதே பழக்கம்தான் கழுத்தை அறுக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஹெட்ஸ்-அப்பில் பட்டனில் இருப்பவரே ஸ்மோல் பிளைன்ட் (அரை பிளைன்ட்) கட்டுவார். ஃப்ளொப்புக்கு (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுக் கடதாசிகளுக்கு) முன் அவர் முதலில் ஆடுவார், ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாக ஆடுவார். பட்டனில் உங்கள் எதிராளி, அவர் ஒவ்வொரு கையும் 2 பிளைன்டுக்கு ரெய்ஸ் பண்ணுகிறார் (தொகையைக் கூட்டுகிறார்) என்று வையுங்கள். அரை பிளைன்ட் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது, புதிதாகப் போடுவது ஒன்றரை. அவர் பிடிக்கப் பார்க்கும் பொட்டும் (நடுவில் சேர்ந்த சிப்ஸும்) ஒன்றரை. நீங்கள் பாதிக்கு மேல் ஃபோல்ட் பண்ணினால், அவர் தன் கடதாசியைத் திருப்பிப் பார்க்காமலே லாபம் எடுப்பார்.

பிக் பிளைன்ட் கட்டிய உங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால், இன்னும் 1 பிளைன்ட் கொடுத்து 3 பிளைன்ட் பொட்டுக்கு ஆடுகிறீர்கள். நூற்றுக்கு 25 தடவை வென்றாலே போட்ட காசு திரும்பிவிடும். இருப்பதிலேயே மோசமான 3-2 கூட, எதிராளியின் கை என்னவென்றே தெரியாத நிலையில், கடைசிக் கடதாசிவரை போனால் நூற்றுக்கு 32 தடவை வெல்லும். ஃப்ளொப்புக்குப் பிறகு நீங்கள் முதலில் ஆடவேண்டியிருப்பதால் அந்த 32 முழுவதும் கைக்கு வராது. அதனால் 3-2 ஐ நானும் எறிந்துவிடுவேன். ஆனால் குவீன்-3, ஜாக்-5, 9-6 போன்றவற்றை இந்த விலைக்கு எறியக் கூடாது.

இது எனக்குப் புரிந்தது ஒரு தோல்விக்குப் பிறகு. எதிராளியைவிட இரண்டு மடங்கு சிப்ஸோடு ஹெட்ஸ்-அப் தொடங்கி, அரை மணித்தியாலத்தில் போய்விட்டேன். ஏதோ துரதிர்ஷ்டம் என்றுதான் அன்றிரவு நினைத்தேன். மறுநாள் கைகளின் பதிவை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தால், பெரிய பொட் ஒன்றைக்கூட நான் இழந்திருக்கவில்லை. பிக் பிளைன்டில் வரிசையாக ஃபோல்ட், ஃபோல்ட், ஃபோல்ட். ஒவ்வொரு தடவையும் ஒரு பிளைன்டை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் யோசித்தேன். பரிசுக்குள் நுழையும் கட்டத்தில் இழக்கிற சிப்ஸுக்குப் பெறுமதி அதிகம், வெல்கிற சிப்ஸுக்குக் குறைவு. அங்கே பயந்து ஆடுவது நியாயம். கடைசி இருவராகிவிட்டால் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. முதற்பரிசு 30 டொலர், இரண்டாவது 20 என்றால், அந்த 20 இருவருக்கும் உறுதி. நீங்கள் ஆடுவது மிச்சப் பத்து டொலருக்கு மட்டும். இனி ஒவ்வொரு சிப்ஸுக்கும் ஒரே பெறுமதி. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று பொத்திப் பொத்தி ஆடுவதில் காக்க ஒன்றுமே கிடையாது.

சரி, பட்டனில் என்ன செய்வது? கையிருப்பு 15, 20 பிளைன்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான கைகளை 2 பிளைன்டுக்கு ரெய்ஸ் பண்ணுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃப்ளொப்பில் ஜோடி கிடைப்பது இருவருக்கும் சுமார் மூன்றில் ஒரு தடவைதான். எதிராளி செக் பண்ணினால் (ஒன்றும் போடாமல் விட்டால்) பொட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் போடுங்கள். நாலில் ஒரு தடவை அவர் ஃபோல்ட் பண்ணினாலே அந்த பெட் நட்டமில்லை. அவர் கோல் பண்ணிவிட்டால் (அதே தொகையைத் தானும் போட்டுவிட்டால்), கையில் ஒன்றும் இல்லையென்றால், அங்கே நிறுத்திவிடுங்கள். 2 டொலர், 5 டொலர் மேசைகளில் ஃபோல்ட் பண்ண மனம் வராதவர்கள்தான் அதிகம். அவர்களிடம் மூன்று சுற்றும் புளஃப் அடிப்பது (ஒன்றும் இல்லாமல் பெட் போட்டு மிரட்டுவது) வீண். அதே ஆளிடம் நடு ஜோடி (ஃப்ளொப்பின் நடுக் கடதாசியோடு ஜோடி) கிடைத்தால் தயங்காமல் இரண்டு தடவை பெட் போடுங்கள், கோல் பண்ணுவார். இருவர் ஆட்டத்தில் நடு ஜோடி நல்ல கை.

பிளைன்ட் வேகமாக ஏறும் டோர்னமென்ட்களில் இதற்கெல்லாம் அதிக நேரம் இருக்காது. விரைவில் 10 பிளைன்டுக்குக் கீழே வந்துவிடுவீர்கள். இருவரில் யாரிடம் குறைவோ அதுதான் கணக்கு. உங்களிடம் 40 இருந்து அவரிடம் 8 என்றால், அது 8 பிளைன்ட் ஆட்டம். அங்கே ஓல்-இன் (எல்லாச் சிப்ஸையும் வைப்பது) அல்லது ஃபோல்ட் என்று ஆடுவதற்கு நாஷ் சமநிலை (யாரும் தன் ஆட்டத்தை மட்டும் மாற்றி லாபம் எடுக்க முடியாத நிலை) அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பெயருக்குரிய கணிதவியலாளர் ஜோன் நாஷ் தன்னுடைய 1950 ஆம் ஆண்டு ஆய்வேட்டிலேயே மூன்று பேர் ஆடும் எளிய போக்கர் ஒன்றை உதாரணமாக எடுத்திருந்தார் என்று அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். அட்டவணை முழுவதையும் பாடமாக்கத் தேவையில்லை. 10 பிளைன்டில் பட்டனில் இருந்து எந்த ஏஸ், எந்த ஜோடி, எந்த கிங் வந்தாலும் ஓல்-இன். எதிராளி ஓல்-இன் போட்டால் எந்த ஏஸுக்கும், எந்த ஜோடிக்கும் கோல். கிங்கோடு கோல் பண்ணுவதற்கு மற்றக் கடதாசியும் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும். முதலில் ஓல்-இன் போடுகிறவருக்கு எதிராளி ஃபோல்ட் பண்ணும் வாய்ப்பும் சேர்ந்து கிடைக்கிறது, கோல் பண்ணுகிறவருக்கு அது இல்லை.

எனக்கு இது மண்டையில் ஏறியது அட்டவணையைப் பார்த்து அல்ல, மச்சானோடு தரையில் உட்கார்ந்து ஆடித்தான். கடதாசிக் கட்டும், சிப்ஸுக்குப் பதில் சுண்டல் கடலையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 10 பிளைன்ட், ஓல்-இன் அல்லது ஃபோல்ட் மட்டும். ஒவ்வொரு கை முடிந்ததும், ஃபோல்ட் பண்ணியதையும் திருப்பிக் காட்டி, அட்டவணையோடு ஒப்பிடவேண்டும். நான் எவ்வளவு நல்ல கைகளை எறிகிறேன் என்பதை மச்சான் முகத்துக்கு நேரே சொன்னபோதுதான் உறைத்தது. காசு வைத்துப் பழகுவதென்றால், இருவர் மட்டும் ஆடும் சிறிய சிட்-அண்ட்-கோ (ஆள் சேர்ந்ததும் தொடங்கும் டோர்னமென்ட்) போதும். இழந்தாலும் வீட்டுச் செலவு இடிக்காத காசை மட்டும் ஒதுக்குங்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது நான் சில மாதம் ஆடுவதையே நிறுத்தினேன், அதில் ஒரு நட்டமும் வரவில்லை.

இன்னொன்று, ஐரோப்பிய மாலையில் தொடங்கும் டோர்னமென்ட் நமக்கு நள்ளிரவுக்குக் கிட்ட. அதில் ஹெட்ஸ்-அப் வரும்போது விடியப்போகும், கண் சொருகும். நான் இப்போது இரவு பதினொன்றுக்குள் முடியக்கூடியவற்றில் மட்டும் சேர்கிறேன்.

உங்கள் கிங்-6 க்கு வருகிறேன். 8 பிளைன்டில் அது யோசிக்காமல் ஓல்-இன். எதிராளி ஏஸ்-9 காட்டினால்கூட மூன்றில் ஒரு தடவைக்கு மேல் நீங்கள்தான் வெல்வீர்கள், பல தடவை அவர் கோல் பண்ணவே மாட்டார். அன்றைய பதிவு இன்னும் இருந்தால், பட்டனில் வேறு எந்தெந்தக் கைகளை எறிந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.