மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் பரு போகிறது, நிறுத்தினால் இரட்டிப்பாக வருகிறது. என்ன செய்வது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: வயது 24, மூன்று வருடமாக முகப்பரு, நாலு மாதத்தில் கல்யாணம். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்திப் பார்த்தாயிற்று, பலனில்லை. மெடிக்கலில் கொடுத்த ஒரு க்ரீம் மட்டும்தான் கேட்கிறது. அதையும் விட்டால் ஒரே வாரத்தில் முன்பைவிட மோசம்.

முதலில் அந்த டியூபை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

நான் டாக்டர் இல்லை. இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள், அவ்வளவுதான். கல்லூரி இரண்டாம் வருடம் விடுதி அறைத்தோழி ஒருத்தி சொல்லி, அருகிலிருந்த மருந்துக் கடையில் ஒரு க்ரீம் வாங்கினேன். சீட்டு கேட்கவில்லை. நாலே நாளில் பரு அமுங்கி முகம் பளிச்சென்று ஆனது. ஊருக்குப் போனபோது அத்தைகூட "என்னடி போடுற, எனக்கும் சொல்லு" என்றார். எட்டு மாதம் போட்டேன். அதற்குள் வெயிலில் இறங்கினால் கன்னம் எரிய ஆரம்பித்தது, மூக்கோரம் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன, கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தது. நிறுத்தினால் நெற்றி முழுக்க ஒரே அளவில் பொரிப்பொரியாகக் கிளம்பும். பயந்துபோய் மறுபடி போடுவேன்.

ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும். பரு உண்டாகும் இடத்தை அது தொடுவதே இல்லை. நாள்பட்டால் தோலை மெலிய வைத்து, தானே ஒரு வகைப் பருவைக் கிளப்பிவிடும். நம் நாட்டில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்றால், 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. கடைக்குப் போய்ப் பாருங்கள், சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

சரி, பரு எங்கே உண்டாகிறது? ஒவ்வொரு மயிர்க்காலுக்குப் பக்கத்திலும் எண்ணெய் சுரக்கும் சுரப்பி ஒன்று இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் ஏற, அது கூடுதலாகச் சுரக்கிறது. அதே சமயம் துளையின் உள்சுவரில் உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது (எல்லார் தோலிலும் இருப்பதுதான், யாரிடமிருந்தும் ஒட்டிக்கொண்டதல்ல). அப்புறம் வீக்கம், சீழ். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கல்ல. அடைப்பின் மேல்பகுதியில் உள்ள நிறமியும் கொழுப்பும் காற்றுப் பட்டுக் கறுத்தவை. அதனால்தான் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போவதில்லை.

இதில் எனக்கு யாருமே சொல்லாத ஒன்று உண்டு. இன்று கண்ணாடியில் தெரியும் பரு இன்று பிறந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக வாரக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் மேலே வருகிறது. பத்து நாள் ஒரு க்ரீம், அது கேட்கவில்லை என்று அடுத்த பத்து நாள் வேறொன்று என்று நான் மூன்று வருடம் ஓட்டினேன். அவற்றில் நல்ல மருந்துகளும் இருந்தன. ஒன்றுக்கும் நான் நேரம் கொடுக்கவில்லை.

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டுப் போட்டு, தோல் பிரிவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். அந்த டாக்டர் அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன் "இதுவரைக்கும் என்னென்ன போட்டே?" என்று கேட்டார். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், கடலை மாவு, ஸ்க்ரப் என்று அடுக்கினேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஸ்டீராய்டு பெயரைச் சொன்னதும்தான் பேனாவை வைத்தார். அதை ஒரே நாளில் விடச் சொல்லவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வைத்தார். நீங்களும் இதை டாக்டரைக் கேட்டே செய்யுங்கள், தானாக நிறுத்திவிட்டு முகம் பொங்கினால் தாங்காது.

அதன் பிறகு எழுதிக் கொடுத்தது கொஞ்சம்தான். இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். "மூணு மாசம் கழிச்சு வா. நடுவுல எதையும் மாத்தாதே."

அடாபலீன் துளையடைப்பைத் தடுக்கிற மருந்து. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதல்ல, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். முதல் மாதம் தோல் உரியும், எரியும், சிலருக்குப் பரு கூடும். நான் அந்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுத் தப்பித்தேன். பென்சாயில் பெராக்சைடில் 2.5க்கும் 10க்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, எரிச்சலில்தான் வித்தியாசம். ஆனால் துணியை வெளுத்துவிடும். என் மெரூன் துப்பட்டாவில் வெள்ளைத் திட்டு விழுந்ததற்கு அம்மா ஆறு மாதம் சலவைத்தூளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

க்ளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள், பாக்டீரியா அதற்குப் பழகிவிடும்.

அம்மா இதையெல்லாம் உடம்புச் சூடு என்று சொல்லி, தினமும் ராத்திரி தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்துவிடுவார். என் நெற்றிப் பருவுக்குப் பாதிக் காரணம் அந்த எண்ணெய்தான். தலைக்கு வைத்தது நெற்றிக்கு இறங்கித் தலையணையில் ஊறி மறுபடி முகத்துக்கே வரும். எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று சொல்லவில்லை, வைத்த அன்றே அலசிவிடுங்கள். சாப்பாட்டில் பஜ்ஜியைவிட சர்க்கரைப் பண்டம், மைதா, பால், ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் வே புரோட்டீன் இவற்றின் மேல்தான் சந்தேகம் அதிகம். அதுவும் எல்லாருக்கும் அல்ல. முகம் கழுவுவது இரண்டு வேளை போதும்.

எனக்கு ஏழாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. பதினோராவது வாரம் புதிதாக வருவது நின்றது. கரும்திட்டுகள் மறைய மேலும் ஏழெட்டு மாதம். நம் நிறத் தோலில் பரு போனாலும் கறை தங்கும். சன்ஸ்க்ரீன் இல்லாவிட்டால் இன்னும் தங்கும். நான் கிள்ளிப் பள்ளமாக்கிய இரண்டு இடம் மட்டும் அப்படியே இருக்கிறது, பள்ளத்துக்கு க்ரீம் கிடையாது.

மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையோரம் பரு, மோவாயில் முடி மூன்றும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறு இருந்தால் வைத்தியமே வேறு.

இப்போது கல்யாண விஷயம். நாலு மாதம் என்றால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், பன்னிரண்டு வாரம் போனால் மிச்சம் அதிகமில்லை. கல்யாணத் தேதியை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பெரிய பருவுக்கு மிக நல்ல மருந்து, ஆனால் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடவே கூடாது. அடாபலீனும் கர்ப்பத்தில் வேண்டாம், அப்போது அசெலாயிக் ஆசிட் மாதிரி வேறு கொடுப்பார்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் புது ஃபேஷியல், ப்ளீச் எதுவும் வேண்டாம், பார்லர் அக்கா எவ்வளவு சொன்னாலும். முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் பெரிதாக ஒன்று கிளம்பினால் கிள்ளாமல் தோல் டாக்டரிடம் போங்கள். பருவுக்குள்ளேயே சிறிய ஊசி போட்டு அமுக்கிவிடுவார்கள். அந்த ஊசியில் இருப்பதும் ஸ்டீராய்டுதான்.