கசப்பை முழுங்கக் கூடாது, மெல்லணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெரிய வியாழக்கிழமை எங்க சர்ச்ல பாஸ்கா விருந்து (எகிப்துல இருந்து யூதர்கள் விடுதலையானதை நெனச்சு வெக்கற விருந்து) வெச்சோம், கசப்புக் கீரைக்கு வேப்பங்கொழுந்து வெச்சிருந்தோம். ஒரு பையன் யூடியூப் பாத்துட்டு வந்து, கபாலாவுல, அதான் யூதர்களோட மறைஞான மரபுல, அந்தக் கீரைக்கு அர்த்தமே சாவுதான்னு சொல்லிட்டான். அதுல இருந்து எங்க மாமியார் இனிமே அந்த வேலையே வேணாங்கறாங்க. நெசமா?
(ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: பாதி நெசம்மா. யூதர்கள் பாஸ்கா ராத்திரி சாப்பிடற அந்தக் கீரைக்கு மாரோர்னு பேரு, எகிப்துல அடிமையா கெடந்து செங்கல் அறுத்த காலத்தை நெனச்சு சாப்பிடறது. எபிரேய எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு, மாரோரைக் கூட்டினா 40, 200, 6, 200, மொத்தம் 446 வரும். சாவுக்கு அவங்க சொல்ற மாவெத்தைக் கூட்டினாலும் 40, 6, 400னு அதே 446. தொகை ஒண்ணா வந்தா ரெண்டு வார்த்தைக்கும் உறவு உண்டுன்னு கபாலாக்காரங்க எடுத்துக்குவாங்க. தம்பி இதோட வீடியோவை மூடிட்டு வந்துட்டாரு போல.

கதையே அதுக்கப்புறம்தான் இருக்கு. கலிலேயா மலையில சஃபேத்னு ஒரு ஊரு, அங்க இருந்த கபாலா குரு ஐசக் லூரியா 1572ல 38 வயசுலயே போய்ச் சேந்துட்டாரு, அவரா எழுதினது ரொம்பக் கொஞ்சம், சீடர் ஹயிம் வித்தால் எழுதி வெச்சதாலதான் நமக்குக் கெடைக்குது. அவங்க சொல்றது என்னன்னா, கடவுள்கிட்ட அருள்னு ஒரு பக்கம் இருக்கு, கண்டிப்புன்னு ஒரு பக்கம் இருக்கு, கசப்பு அந்தக் கண்டிப்புப் பக்கத்தைச் சேந்தது, அதைத் தூக்கி எறியவும் முடியாது, அப்படியே விடவும் கூடாது, இனிப்பாக்கணும். எங்க வெச்சு இனிப்பாக்கறது? வாயில வெச்சுத்தான். பல்லு 32, கபாலாவுல ஞானத்துக்கு வழியும் 32 (செஃபிரோத்ங்கற கடவுளோட தன்மைங்க பத்து, எபிரேய எழுத்து 22), அந்த 446 இந்த 32க்கு நடுவுல அரைபடணும், அவ்ளோதான். பயப்பட வேண்டிய சங்கதியே இல்ல, மாமியாருக்கு இதைச் சொல்லுங்க.

எனக்கு இந்தக் கூட்டல் கணக்கைவிட லூரியா பாஸ்கா விருந்துத் தட்டை அடுக்கின விதம்தான் பெருசாத் தெரியுது. ஆட்டெலும்பு அருள் பக்கம், அவிச்ச முட்டை கண்டிப்புப் பக்கம், கசப்புக் கீரை ரெண்டுக்கும் நடுவுல, திஃபெரெத்ங்கற எடத்துல. அது ரெண்டும் சேந்து இரக்கமா மாறுற எடம். கண்டிப்போட சேந்த பொருளை இரக்கத்தோட எடத்துல கொண்டுபோய் வெச்சிருக்காரு பாருங்க.

இன்னொண்ணு, இயேசு சாப்பிட்டது அச்சு அசல் இதேதான்னு மைக்ல சொல்லாதீங்க. இன்னைக்கு இருக்கற அந்த விருந்து முறை 70ல எருசலேம் ஆலயம் இடிஞ்சதுக்கு அப்புறம் உருவானது.

கேள்வி: நாங்க வீட்ல தெலுங்கு பேசறவங்க, யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து சாப்பிடறோம். பாஸ்கா கசப்பும் இதுவும் ஒண்ணுதானே?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: கிட்ட வருது, ஆனா ஒண்ணு இல்ல சார். நம்ம யுகாதிப் பச்சடியில ஆறு சுவையும் ஒரே வாயில கலந்து போகும். யூதர்களோட பாஸ்கா விருந்துல கரோசெத்னு பழம், கொட்டை, ஒயின் எல்லாம் அரைச்ச இனிப்பு விழுது இருக்கும், கீரையை அதுல தொட்டுட்டு ஒதறிடணும், இனிப்பு கசப்பை அமுக்கிடக் கூடாது. எஜமானங்க மாதிரி சாஞ்சு உக்காந்துதான் அந்த ராத்திரி சாப்பிடணும்னு இருக்கு, கசப்புக்கு மட்டும் அந்தச் சாய்மானம் கெடையாது.

கசப்புக் கீரையா அவங்க முக்கியமா வெக்கறது எது தெரியுங்களா, லெட்டூஸ், அதான் பர்கருக்குள்ள வெக்கறாங்களே அதேதான். அது எங்க கசக்குதுன்னு கேப்பீங்க. பறிக்காம மண்ணுலயே விட்டுப் பாருங்க, தண்டு நீண்டு கட்டையாகி, ஒடிச்சா வெள்ளையாப் பால் வரும், வாய்ல வெக்க முடியாது. எகிப்தும் அப்படித்தானாம், யோசேப்பு காலத்துல வாங்க வாங்கன்னு எடம் குடுத்தவன்தான் அப்புறம் அடிமையாக்கினான், யூத குருமாருங்க சட்டத்தை அலசின நூலான தல்மூத்ல இந்தக் காரணம் வருது. ஐரோப்பாவுல குளிர் ஊர்க்காரங்க லெட்டூஸ் கெடைக்காம குதிரைமுள்ளங்கிக்குப் போனாங்க, அது கசப்பு இல்ல, மூக்குல ஏறுற காரம்.

கேள்வி: எங்க பக்கம் லெட்டூஸுக்கு எங்க போறது, வேப்பிலையே போதாதா? சின்னப் புள்ளைங்க மாத்திரை மாதிரி தண்ணி ஊத்தி முழுங்கிட்டாப் பரவால்லயா?
(உபதேசியார் ஒருத்தர், பென்னாகரம் பக்கம்)

பதில்: முழுங்கினா சேராது ஐயா. புளிக்காத அப்பத்தை மெல்லாம முழுங்கினாக்கூட கடமை முடிஞ்சதும்பாங்க, கசப்பை முழுங்கினா முடியல, நாக்குக்குத் தெரியணும். எதுலயாவது சுத்தி முழுங்கற குறுக்கு வழியைக்கூட யோசிச்சு வேணான்னுட்டாங்க. கபாலாக்காரங்க பல்லைப் புடிச்சுக்கிட்டதே இந்தச் சட்டத்துல இருந்துதான்னு எனக்குத் தோணுது. அளவு ஒரு ஆலிவ் காய் அளவு, புள்ளைங்களுக்கு ஒரு இலை போதும்.

வேப்பிலை யூதர் கணக்குல வராது. மீனோட பித்தப்பை, அதான் பிச்சு, ஆகுமான்னுகூட தல்மூத்ல கேக்கறாங்க (கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மீனை ஆயறப்ப பிச்சு ஒடஞ்சு கொழம்பே கெட்டவங்களுக்கு அந்தக் கசப்பு தெரியும்), அதுவும் வேணாம், மரத்துக் கசப்பும் வேணாம், தரையில மொளைக்கற கீரை வகைதான்னு முடிக்கறாங்க. தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கற சட்டத் தொகுப்புல அஞ்சு பேரு இருக்கு, அதுல ஒண்ணு நம்ம காசினிக் கீரை வகை. நாட்டு மருந்துக் கடையில காசினி பொடிதான் குடுப்பாங்க, அது வேணாம், விதை கெடைச்சா பொங்கல் முடிஞ்சதும் ஒரு பாத்தியில தூவி விடுங்க, பெரிய வியாழனுக்குப் பச்சையாவே பறிக்கலாம்.