நாகலிங்கமும் சால மரமும் ஒன்றா?

கேள்வி: எங்கள் தெருமுனை விகாரையில் நிற்கும் மரத்தை அயலிலுள்ள சிங்களவர்கள் ‘சல்’ என்கிறார்கள். அம்மாவோ அதே பூவை நாகலிங்கம் என்று சொல்லிச் சிவனுக்குச் சாத்துகிறார். புத்தர் பிறந்தது இந்த மரத்தடியிலா? இதில் எத்தனை இனங்கள் உண்டு?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டு பெயரும் அந்த ஒரே மரத்தைத்தான் குறிக்கின்றன. ஆனால், லும்பினியில் புத்தரின் தாய் மாயாதேவி கிளை பற்றி நின்றதாகச் சொல்லப்படும் சால மரம் இதுவன்று. அது இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் காடாக வளரும் ‘ஷோரியா ரொபஸ்டா’. நம் நாட்டு ஹொர மரத்தின் குடும்பம். அதன் பூ சிறியது, வெளிர் மஞ்சள். காய்க்குச் சிறகுகள் உண்டு. பீரங்கிக் குண்டு போன்ற காய் அடிமரத்தில் தொங்கக் கண்டால், அது நாகலிங்கமே.

நாகலிங்கம் தென் அமெரிக்க மரம். பிரெஞ்சுக் கயானாவின் தாவரங்களை ஆராய்ந்த ஒப்ளே, 1775இல் ‘கூருப்பிட்டா’ என்ற பேரினத்தை நிறுவி, இதற்குக் ‘கூருப்பிட்டா கயனென்சிஸ்’ என்று பெயரிட்டார். சுரினாம், பெரு என ஊர்ப்பெயர் தாங்கித் தனி இனங்களாக முன்பு எண்ணப்பட்டவை பின்னர் இதனுள்ளேயே சேர்க்கப்பட்டதால், இன்று ஏற்கப்படும் இனங்கள் 3 மட்டுமே. நிக்கராகுவாவின் பெயர் கொண்ட இனம் மத்திய அமெரிக்காவிலிருந்து ஈக்குவடோர் வரை பரவியுள்ளது. ‘சப்செசிலிஸ்’ அமேசன் காட்டுக்குரியது. ஆசியாவுக்கு வந்தது கயனென்சிஸ்தான், அதுவும் மனிதர் கையால். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரும் மேரியும் 1901இல் நட்ட மரத்தைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் காணலாம்.

விழுந்து கிடக்கும் பூவொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்த ஆறு இதழ்களின் நடுவே, சூலகத்தைச் சுற்றிக் குட்டையான மகரந்தத் தாள்கள் வளையமாக நிற்கும். அவ்வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து, படமெடுத்த நாகம்போல் மேலே கவிவது இன்னொரு தாள்கூட்டம். இப்பூவில் தேன் கிடையாது. அந்த நாகப்படத்திலுள்ள மகரந்தம் வண்டுக்கு உணவு மட்டுமே. அதைத் தேடி நுழையும் வண்டின் முதுகில் ஒட்டிச் செல்லும் வளையத்தின் மகரந்தமே கருவுறச் செய்கிறது. அம்மா வணங்கும் அதே உருவம், தாவரவியலாருக்கு வகைப்பாட்டின் முக்கிய அடையாளம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இதே லெசித்திடேசிக் குடும்பத்தின் உறவினர் நம் மண்ணிலும் உண்டு: சிங்களத்தில் ‘கஹட்ட’ எனப்படும் மரமும், கரையோர முதில்லவும். அவற்றின் பூக்களில் தாள்கள் எல்லாப் பக்கமும் சீராக விரிந்திருக்கும்; படம் இராது.