சைபர்பங்க் கதைகள் மனிதனைப் பற்றி என்ன கேட்கின்றன?

"சைபர்பங்க் என்றாலே நியான் விளக்கும் ரோபோ கையும்தானே, அதில் மனிதனைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சைபர்பங்க் என்பது, தொழில்நுட்பம் மனித உடம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் புகுந்துவிட்ட எதிர்காலத்தைச் சொல்லும் அறிவியல் புனைகதை வகை. என்னைக் கேட்டால், அதன் உயிரே மனிதனைப் பற்றிய கேள்விதான்.

வில்லியம் கிப்சன் 1984-இல் எழுதிய 'நியூரோமான்சர்' நாவலில் மாலி என்றொரு பெண். கண்குழிகளை மூடி, முகம் தெரியும் கண்ணாடி வில்லைகளைப் பதித்திருக்கிறாள். சரி, அழுகை வந்தால்? கண்ணீர்க் குழாய்களை வாய்க்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அவள் துப்பிவிடுகிறாள். உடம்பில் ஒரு கருவியைச் சேர்த்தால் பலம் மட்டும் கூடுவதில்லை, துக்கம் வெளியே வரும் வழியே மாறிப்போகிறது.

அடுத்தது நினைவு. 1995-இல் மமோரு ஓஷி இயக்கிய 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில் குப்பை வண்டித் தொழிலாளி ஒருவர் மனைவி, மகள் என்று உருகுகிறார். விசாரணையில்தான் தெரிகிறது, அந்த நினைவுகளை யாரோ அவர் மூளைக்குள் புகுத்தியிருக்கிறார்கள். மகள் என்று அவர் காட்டிய போட்டோவில் இருப்பது அவரேதான். குடும்பம் பொய். ஆனால் அவர் பட்ட ஏக்கமும் பொய்யா? எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் காட்சி அது.

அப்புறம், இதெல்லாம் யார் கையில் இருக்கிறது என்பதையும் இந்தக் கதைகள் விடுவதில்லை. 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தில் செயற்கை மனிதர்களுக்கு நான்கே ஆண்டு ஆயுள் என்று வைத்தது அவர்களை உருவாக்கிய நிறுவனம். இன்னும் கொஞ்சம் வாழ வேண்டும் என்றுதான் அவர்கள் பூமிக்குத் தப்பி வருகிறார்கள்.