புழு இருந்தால் பசு ஏன் சினை பிடிக்காது?
ஈரல் தட்டைப்புழு என்பது மாட்டின் பித்தக்குழாய்க்குள் வாழும், இலை மாதிரி தட்டையான புழு. வயலோர நத்தைகளில் வளர்ந்து, புல்லில் ஒட்டிக்கொண்டு, மேயும்போது உள்ளே போகிறது. ஈரல் கெட்டால் தின்ற தீவனம் உடம்பில் ஒட்டாது, இரத்தமும் குறையும். கன்று ஈன்ற பசு இருக்கிற சத்தைத் தன் உயிருக்கும் பாலுக்கும்தான் முதலில் செலவழிக்கும், சினைப்பைக்கு மிச்சமிருக்காது. 21 நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய சினைப் பருவம் தள்ளிப்போகும், இல்லாவிட்டால் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்காது. வருமானம் குறைந்த வீட்டில் அரிசி வாங்கிவிட்டு, கல்யாணச் செலவைத் தள்ளிப்போடுவோமே, அப்படித்தான்.

மாட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினாலோ சந்தேகப்படுங்கள்.

அப்புறம், "போன மாதம்தானே பூச்சி மருந்து கொடுத்தேன்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சாதாரணக் குடற்புழு மருந்துகள் பலவற்றுக்குத் தட்டைப்புழு சாகாது, சாணத்தைப் பரிசோதித்து அதற்கான மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.