வளையல் துண்டு பதித்த டாலர் மறுநாள் விரிசல் விடுவது ஏன்?

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கும் சிறிய சூளை ஒன்றை வாங்கியிருக்கிறேன். கண்ணாடிக் கடையில் கிடைத்த ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உடைந்த வளையல்களை அடுக்கி, உருக்கி, டாலர் செய்கிறேன். எடுக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ‘டிக்’ என்ற சத்தத்துடன் விரிசல் விடுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் சூடாக்க வேண்டுமா? சில டாலர்களின் ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது ஏன்? சமைக்கும் அடுப்பையே இதற்கும் பயன்படுத்தலாமா?

பதில்: நேரத்தைக் கூட்ட வேண்டாம். உருகி ஒட்டிவிட்டது என்றால் சூடு போதிய அளவு கிடைத்துவிட்டது என்று பொருள். உங்கள் டாலர் உடைவதற்கான காரணம் அது ஆறும்போது உருவாகிறது. அதற்கும் முன்னால், எந்தக் கண்ணாடியோடு எதைச் சேர்த்தீர்கள் என்பதில் இருக்கிறது.

சூடானால் விரிவதும் ஆறினால் சுருங்குவதும் எல்லாக் கண்ணாடிக்கும் உண்டு. எவ்வளவு என்பதுதான் வேறுபடும். அதைக் குறிக்கும் விரிவுக் குணகம் என்ற எண்ணை, உருக்கி ஒட்டுவதற்கென்றே தயாராகும் கண்ணாடித் தகடுகளின் மேல் பார்க்கலாம். புல்ஸ்ஐ நிறுவனத்தின் தகடு 90. ‘சிஸ்டம் 96’ வகைத் தகடு பெயரிலேயே எண்ணைச் சொல்கிறது. ஆய்வுக்கூடக் குடுவைக்கான போரோசிலிகேட் கண்ணாடி 33 அளவில் நிற்கும். ஜன்னல் கண்ணாடி எண்பதுகளில் இருக்கும். வளையலுக்கு யாரும் எண் அச்சிட்டுத் தருவதில்லை. கலவையில் சோடா என்ற சோடியம் சேர்மம் கூடினால் கண்ணாடி எளிதில் உருகும், கூடவே விரிவுக் குணகமும் ஏறும். ஒரே டஜனில் பச்சை வளையலும் சிவப்பு வளையலும் வெவ்வேறு கலவையாக இருக்கலாம்.

90க்கும் 96க்கும் இடையில் ஆறுதானே வித்தியாசம் என்று தோன்றும். கண்ணாடி இறுகிய பிறகு அறை வெப்பத்துக்கு வர ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வரும் வேறுபாடு 0.003 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத பொருள். ஒட்டிக்கொண்ட இரண்டும் ஒன்றையொன்று இழுத்தபடியே இருக்கும். மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று அந்த இழுப்பில் மெல்ல நீளும். காற்றின் ஈரம் அதைத் துரிதப்படுத்தும். அது ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் உங்களுக்கு ‘டிக்’ கேட்கிறது. நாள் தள்ளி உடைவதன் ரகசியம் இதுதான்.

உடைந்தவற்றை எறிந்துவிடாதீர்கள், அவற்றை வாசிக்கலாம். விரிசல் வளையல் துண்டின் விளிம்பை ஒட்டியே ஓடியிருந்தால் இரண்டு கண்ணாடிகளும் பொருந்தவில்லை. துண்டுகளைக் கண்டுகொள்ளாமல் டாலரின் குறுக்கே வளைந்து வளைந்து ஓடியிருந்தால் ஆறவிட்ட விதம் சரியில்லை. விரிசலின் ஓரம் கத்திபோல் கூராக இருந்தால் ஆறும்போதோ ஆறிய பிறகோ உடைந்தது. மழுங்கி உருண்டிருந்தால் சூடேறும்போதே உடைந்து, பிறகு அந்த ஓரமும் உருகியிருக்கிறது. அப்படியானால் தொடக்கத்தில் சூடு மிக வேகமாக ஏறியிருக்கிறது.

வாசிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு; உடையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். போலராய்டு வகைக் குளிர்கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தக் கோணத்தை மாற்றாமல் இரண்டுக்கும் நடுவில் டாலரை வையுங்கள். பொருந்தாத துண்டைச் சுற்றி வெளிச்சம் ஒளிவட்டமாகக் கசியும். எவ்வளவு பளிச்சென்று தெரிகிறதோ அவ்வளவு இறுக்கம் உள்ளே இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அடித்தகடு நிறமற்றதாக இருக்க வேண்டும். அதோடு, அதே தகட்டில் வெட்டிய சிறு சில்லு ஒன்றை அதே தகட்டின் மேல் வைத்து, அதே சூட்டில் உருக்கி, அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்னோடு தான் சேர்ந்த அந்தத் துண்டிலும் ஒளி கசிந்தால் குற்றம் ஆறவிட்டதில். அது இருண்டிருந்து வளையல் துண்டைச் சுற்றி மட்டும் கசிந்தால் குற்றம் வளையலில். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே கசியும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் இந்தச் சிறு சூளையின் வசதியே அதன் பலவீனமும்கூட. மூடியின் உட்புறத்தில் கறுப்பாகப் பூசியிருப்பது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. அதுதான் மைக்ரோவேவை உறிஞ்சிக் கனன்று, கீழே இருக்கும் கண்ணாடிக்குச் சூட்டைத் தருகிறது. குளிர்ந்த கண்ணாடி தானாக மைக்ரோவேவில் சூடாவதில்லை. சூளையின் உடல் எடை குறைந்த பீங்கான் இழை என்பதால் சில நிமிடங்களில் 800 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அதே காரணத்தால் சூட்டைத் தேக்கி வைக்கவும் அதற்குத் தெரியாது. மின்சூளையில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டைக் கண்ணாடியின் வகைக்கேற்ப 480 முதல் 510 டிகிரியில் ஒரு மணி நேரம்வரை நிறுத்தி, பிறகு மெல்ல இறக்குவார்கள். உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்து இறுக்கம் தளர்வதற்கான அந்த நிறுத்தம் உங்கள் சூளையில் இல்லை.

இதை முழுதாக ஈடுகட்ட முடியாது, குறைக்கலாம். துண்டு மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். நிறுத்திய பின் தடித்த கையுறையோடு சூளையை மூடியபடியே எடுத்து ஒரு தரை டைலின் மேலோ செங்கல்லின் மேலோ வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்; நம் வீடுகளில் மறந்துபோவது இதைத்தான். ஒரு மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள், கையால் தொட்டால் சூடே தெரியாத நிலை வரும்வரை திறக்காதீர்கள். ‘எப்படி வந்திருக்கிறது, ஒரு பார்வை பார்ப்போமே’ என்ற ஆசைக்குப் பலியான டாலர்கள் ஏராளம். குறைந்த சக்தியில் அடுப்பை விட்டு விட்டு ஓட்டி ஆறவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே வெப்பமானி இல்லாதபோது அது குத்துமதிப்புதான்.

நேரத்தைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சூளையோடு வந்த செய்முறைத் தாளிலுள்ள நிமிடங்கள் ஒரு தொடக்கம் மட்டுமே. 800 வாட் அடுப்பில் சிறு சூளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். மின்னழுத்தம் குறையும் மாலை நேரத்தில் இன்னும் கூடலாம். சூளை ஏற்கெனவே சூடாக இருந்தால் வெகுவாகக் குறையும். இரண்டரை நிமிடத்தில் நிறுத்தி, மூடியை ஒரு விரல் அளவு மட்டும் ஒரு நொடி தூக்கிப் பாருங்கள். விளிம்பு உருண்டு மேற்பரப்பு நீர்போல மின்னினால் போதும். இல்லையென்றால் மூடிவிட்டு, முப்பது முப்பது நொடியாகக் கூட்டுங்கள். உருகும் நிலையில் இப்படிப் பார்ப்பதில் கேடில்லை, இறுகத் தொடங்கிய பிறகு பார்ப்பதுதான் கேடு. கனலும்போது தெரியும் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆறியதும் உண்மை நிறம் திரும்பும்.

முள் விஷயம் எளிது. உருகிய கண்ணாடி தன் மேற்பரப்பு இழுவிசையால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்து நிற்கப் பார்க்கும். 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை மட்டும் வைத்தால், தடிமனைத் தேடி உள்நோக்கிச் சுருங்கும். கண்ணாடி சூளையில் ஒட்டாமலிருக்க அடியில் விரிக்கும் சூளைத் தாளில் ஒட்டிய விளிம்பு உடன் வராமல் அடம்பிடித்து முள்ளாக நிற்கும். இரண்டு அடுக்கு வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை ஈரமான வைர அரத்தால் தேய்த்துவிடலாம். உலர்வாகத் தேய்த்தால் கண்ணாடித் தூசி மூச்சில் போகும்.

அப்படியானால் வளையலை என்ன செய்வது? தனியாக உருக்குங்கள். ஒரே வளையலின் துண்டுகளை மட்டும் நெருக்கி வைத்தால் உருண்டு திரண்டு மேடான மணியாகும். அதற்கு ஒரே கலவை என்பதால் சண்டையில்லை. ஆறிய பிறகு உலோகத் தளத்தில் பசையால் பதித்துத் தோடாக்கலாம். பொன்வரி, வண்ணப் பூச்சு உள்ள வளையல் வேண்டாம். பூச்சு கருகும், அதில் எந்த உலோகம் இருக்கிறது என்பதும் தெரியாது. ஜன்னல் கண்ணாடியை விட மனமில்லை என்றால், ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளை மட்டும் சேருங்கள். டஃபன்டு (வலுவூட்டிய) கண்ணாடியும் பின்புறம் பூச்சுள்ள முகக்கண்ணாடியும் வேண்டவே வேண்டாம். பல நிறம் சேர்ந்த டாலர்தான் வேண்டுமென்றால், ஒரே எண்ணுள்ள தகடுகளைக் கொஞ்சமாக வரவழையுங்கள். மீந்த துண்டுகளை எண் எழுதிய தனித்தனி டப்பாவில் போடுங்கள். கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

சமையல் அடுப்பு பற்றி. சில தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். நான் அனுமதிக்க மாட்டேன். சூளைத் தாளிலும் புதுச் சூளையிலும் உள்ள பிணைப்புப் பொருள் எரிந்து புகை வரும். எரிந்த தாள் வெண்தூளாக உதிரும். பீங்கான் இழையில் ஒரு வகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அந்தத் தூளும் நாளைய சோறும் ஒரே பெட்டிக்குள் எதற்கு? கண்வெக்ஷன், கிரில் எதுவும் இல்லாத பழைய சாதாரண மைக்ரோவேவ் ஒன்றை வாங்கிப் பால்கனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சுழல்தட்டின் மேல் சூளையை நேராக வைத்தால் தட்டு வெடிக்கக்கூடும். உங்கள் சூளைக்கு எந்த வகைத் தாங்கி என்று அதன் செய்முறைத் தாளில் பார்த்து வையுங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல், என்95 முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.