முட்டியும் சுண்ணாம்பும்

அன்புள்ள ஐயா,

உலோக அணுக்களைச் சேதனத் தண்டுகளால் கோத்த நுண்துளைப் பளிங்குகளான உலோக–சேதனச் சட்டகங்களுக்காகக் கிற்றகாவா, றொப்சன், யாகி மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் இரசாயனவியல் முதுமாணி மாணவி. அமினோ கூட்டமுள்ள யூ.ஐ.ஓ.-66 என்ற சிர்க்கோனியச் சட்டகத்தைச் செய்து, அதில் சலிசிலல்டிகைட்டைப் பிணைத்து, பிறகு செப்பை ஏற்றுகிறேன். அந்த ஊக்கியால் பென்சைல் அற்ககோலை ஒட்சியேற்றுகிறேன். முதல் முறை நல்ல விளைச்சல். அதே ஊக்கித் தூளை மீண்டும் பயன்படுத்தினால் மூன்றாம் முறை பாதியாகிவிட்டது. வடிதிரவம் இலேசான பச்சையாக வருகிறது, அது பெரிதல்ல என்கிறார்கள். என் கேள்வி வேறு. எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே பாத்திரத்தில் போட்டால் என்ன? எதற்கு இந்தச் சுற்றுவழி?

ம., யாழ். திருநெல்வேலி

அன்பின் ம.,

கேட்டதற்கு முதலில் பதில். பாளையில் கட்டும் கள்ளு முட்டி பார்த்திருப்பீர்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காத கருப்பணி, தடவாவிட்டால் கள். எப்படியும் சுண்ணாம்பு வேண்டும்தானே என்று குயவர் அதைக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைவதில்லை. களியில் சுண்ணாம்புக்கல் ஒன்று தப்பிக் கிடந்தாலே போதும். சூளையில் நீறாகி, பிறகு ஈரம் குடித்து ஊதி, காசளவு சில்லைப் பெயர்த்துவிடும். சிறுவயதில் எங்கள் வீட்டுப் பானை ஒன்றில் அப்படியொரு குழியை நகத்தால் சுரண்டியிருக்கிறேன். நடுவில் வெள்ளை மாவாக ஒரு புள்ளி.

சட்டகத்திலும் இதே கதைதான். உலோகத்தைப் பற்றும் கை (அமினோவும் சலிசிலல்டிகைட்டும் சேர்ந்தது) தண்டில் முன்கூட்டியே இருந்தால், கட்டட வேலைக்கு வந்த சிர்க்கோனியத்தையே அது பிடித்துக்கொள்ளும். சட்டகம் செய்யும் 120 பாகைச் சூட்டில் செப்பும் சும்மா இருக்காது. பளிங்குக்குப் பதிலாக ஏதோ ஒரு மண்டி அடியில் கிடக்கும். அமினோ கூட்டம் அடக்கமானது. சட்டகம் எழும்வரை பொறுத்திருக்கும், பிறகு அதை மாற்றலாம். 2007இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் வாங், கோயன் என்ற இரசாயனவியலாளர் இருவரும் நாகச் சட்டகமொன்றின் அமினோவை அசற்றிக் நீரிலியோடு தாக்கமுறச் செய்தார்கள். அமினோ அமைட்டாகியது, பளிங்கு குலையவில்லை.

முட்டி உவமை இதற்கு மேல் ஓடாது. அது நிற்கும் இடத்தில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. சுண்ணாம்பு பாளைச் சாற்றில் கரைந்துதான் வேலை செய்கிறது. உங்கள் செப்போ கரையவே கூடாது. அந்தப் பச்சை கரைந்த செப்பாக இருக்கலாம். அது பெரிதல்ல என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

அடுத்த முறை தாக்கம் பாதி நடந்திருக்கும்போது, சூடு ஆறுமுன் தூளை வடித்து அகற்றுங்கள். ஆறவிட்டால் கரைந்த செப்பு மறுபடி தூளில் போய் ஒட்டி உங்களை ஏமாற்றலாம். தெளிந்த திரவத்தை அதே சூட்டில் தனியே வைத்து, மணிக்கொரு மாதிரி எடுங்கள். பக்கத்தில் செப்பே போடாத தாக்கம் ஒன்றும் ஓடட்டும். தூளை எடுத்த பிறகும் விளைபொருளான பென்சல்டிகைட்டு அதைவிட வேகமாகக் கூடினால், வேலை செய்வது கழன்று வந்த செப்பு. சட்டகத்துக்குப் புகழ் சேராது.

எங்கிருந்து கழன்றது? யூ.ஐ.ஓ.-66இன் வாசல்கள் ஏறக்குறைய 0.6 நனோமீற்றர்தான். முதலில் நுழைந்த சலிசிலல்டிகைட்டே வழியை அடைக்கும், உள்ளே பல அமினோக்கள் வெறுமனே நிற்கும். அங்கெல்லாம் செப்பு தளர்வாக ஒட்டியிருக்கும். நன்றாகக் கழுவினால் போய்விடும், ஆனால் கழுவியது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. இன்னொன்று, அமினோவும் சலிசிலல்டிகைட்டும் சேர்ந்து உண்டான இமீன் பிணைப்பு நீரில் பிரியக்கூடியது. உங்கள் ஒட்சியேற்றமோ நீரை விளைவிப்பது. செப்பை ஏற்றுமுன் சோடியம் போரோஐதரைட்டால் அந்தப் பிணைப்பை ஐதரசன் சேர்த்துத் தாழ்த்திவிட்டால் அது அவ்வளவு இலகுவில் பிரியாது.

அதெல்லாம் பிறகு. முதலில் வடிதிரவம் தண்ணீர்போல வரும்வரை கழுவுங்கள். அதன்பின் எவ்வளவு செப்பு மிஞ்சுகிறது என்று எழுதுங்கள்.